வாசகர் கேள்வி பதில்: மீட்டவர் பேர்ல பட்டா, மத்தவங்க பங்கு என்னாகும்?

கேள்வி: அண்ணாச்சி வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய் பாசனத்துல எங்க பூட்டன் காலத்து வயல் 2 ஏக்கர் சொச்சம் கிடக்கு. பூட்டனுக்கு ரெண்டு பையங்க, மூத்தவர் பெரிய தாத்தா, இளையவர் எங்க தாத்தா. பூட்டன் வயல வெளியாளுக்கு ஒத்திக்கு (கடனுக்கு ஈடா அனுபவிக்க) விட்டுட்டு இறந்துட்டாராம், பொறவு பெரிய தாத்தாதான் கேஸ் போட்டு மீட்டாராம், இதெல்லாம் ஆச்சி சொல்லிக் கேட்டது. இப்ப பட்டா பெரிய தாத்தா பேர்ல மட்டும் இருக்கு. "மீட்டது எங்க தாத்தா, வயலும் எங்களுக்குத்தான்"னு அவிய பேரப்பிள்ளைய சொல்லுதாவ, விக்கவும் ஆள் பாக்காவ. எங்ககிட்ட தகரப்பெட்டியில ஒத்திப் பத்திரமும் கிழிஞ்ச கோர்ட் தாள் ஒண்ணும் இருக்கு, அதுல அம்பாசமுத்திரம் முன்சீப் கோர்ட்டுன்னு மட்டும் வாசிக்க முடியுது. எங்க இருந்து ஆரம்பிக்கணும்?
(பேர் வேண்டாம்னு எழுதின வாசகர்)

பதில்: தம்பி, மொதல்ல அந்தப் பட்டாவப் பாத்து பயந்துறாதீங்க. தீர்வை யார்கிட்ட வாங்கணும்னு சர்க்கார் வச்சிருக்க கணக்குதான் பட்டா, அத மட்டும் வச்சு யாருக்கும் உரிமை வராது, போகவும் செய்யாது, இத கோர்ட்டு எத்தனையோ தீர்ப்புல சொல்லியாச்சு. 1979ல ஆரம்பிச்சு 1987 வரைக்கும் சர்க்கார் நிலக் கணக்கப் புதுப்பிச்ச யுடிஆர் திட்டத்துல, வயல்ல நின்னவர் பேரோ வீட்டுல மூத்தவர் பேரோ மட்டும் ஏறி, கூட்டுப் பங்காளி பேரு விட்டுப்போனது நம்ம பக்கம் ஊருக்கு ஊர் உண்டு. அதுக்கு நடுவுல 1980ல கர்ணம் பதவியையே எடுத்துட்டாங்க, எந்த வயக்காடு யார் வழியில வந்ததுன்னு வாயாலயே சொல்லத் தெரிஞ்ச கணக்குப்பிள்ளையும் அதோட போயிட்டாரு. அதனால உங்களுக்கு வேண்டியது 1979க்கு முந்தின பேப்பர்.

இப்ப உள்ள சர்வே நம்பர எடுத்துக்கிட்டு தாலுகா ஆபீஸ் போங்க. பழைய நம்பர் எது, புது நம்பர் எதுன்னு ஒத்துப் பாக்குத கோரிலேஷன் ரிஜிஸ்டர், ஊர் நிலமெல்லாம் வரிசையா எழுதின யுடிஆர் 'அ' பதிவேடு, அதுக்கு முந்தி தீர்வை நிர்ணயிச்சப்ப எழுதின செட்டில்மென்ட் ரிஜிஸ்டர், பழைய சிட்டா எல்லாத்துக்கும் நகல் கேட்டு எழுதிக் குடுங்க. சேரன்மகாதேவி தனித் தாலுகாவா ஆனது இப்பத்தான், பழைய கணக்கெல்லாம் அம்பாசமுத்திரம் தாலுகாவுல எழுதினது, "இங்க இல்ல"ன்னு சொன்னா அங்கயும் கேளுங்க. வாய்மொழியா கேட்டு திரும்பி வராதீங்க, தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டா இருக்கு இல்லன்னு எழுத்துல பதில் வரும்.

பழைய நம்பர் ஏன் அவ்வளவு முக்கியம்னா, வில்லங்கம் போடும்போது நெறைய பேரு மாட்டிக்கிடுதது இங்கதான். ஆன்லைன்ல பெரும்பாலும் 1975ல இருந்து உள்ளதுதான் வரும், அதுக்கு முந்தினது சார்பதிவாளர் ஆபீஸ்ல புத்தகத்தப் புரட்டித்தான் எடுக்கணும், அங்க போயி புது நம்பரக் குடுத்து 1940க்கு ஈசி (வில்லங்கச் சான்று) கேட்டா ஒண்ணும் இல்லைன்னுதான் வரும், உடனே "பத்திரமே இல்ல"ன்னு முடிவு கட்டிருதாங்க. பழைய நம்பரக் குடுங்க, கூடவே பூட்டன் பேரு, அவரோட அப்பா பேரக் குடுத்து பேர் அட்டவணையிலயும் தேடச் சொல்லுங்க. பத்திரம் எழுதின காலத்துல வயல் வேற சார்பதிவாளர் எல்லையில இருந்ததான்னும் கேட்டுக்கோங்க.

ஒத்திப் பத்திரத்த நல்ல வெளிச்சத்துல வச்சு மெதுவா வாசிங்க. ௸ன்னு இருந்தா மேற்படி, ௵ வருஷம், ௴ மாசம், ௳ தேதி, ௹ ரூபாய். தேதி கொல்லம் ஆண்டுல (மலையாள வருஷக் கணக்குல) இருந்தா, இங்கிலீஷ் வருஷம் வர 825 கூட்டுங்க, ஆவணியில இருந்து மார்கழி பாதி வரைக்கும் 824 போதும். பரப்பு ஏக்கர்ல இல்லாம இத்தனை கோட்டை, இத்தனை மரக்கால் விதைப்பாடுன்னு (விதைக்க வேண்டிய நெல்லளவுல) இருக்கும், அத ஏக்கராக்கிப் பாத்து மண்டைய உடைக்காதீங்க, ஊருக்கு ஊர் அளவு மாறும். நாலு மாலத்தான், அதாவது நாலு பக்கத்து எல்லையத்தான், உறுதியாப் பிடிக்கணும். கால்வாய்க்கு தெக்கு, இன்னார் வயலுக்கு மேக்குன்னு எழுதிருப்பாங்கள்ல, பரப்பும் எல்லையும் முரண்பட்டா கோர்ட்டும் பொதுவா எல்லையத்தான் எடுத்துக்கிடும். பக்கத்து வயக்காரர் பத்திரம் கிடைச்சா அதுலயும் உங்க பூட்டன் பேரு எல்லையா வந்திருக்கும், அது பெரிய சாட்சி.

இனி கோர்ட் தாள். உங்க விஷயத்துல உயிரே இதுதான். கிழிஞ்ச தாள்ல ஓஎஸ் நம்பரும் (கேஸ் நம்பர்) வருஷமும் தெரியுதான்னு பாருங்க. தெரியலைன்னா வக்கீல் மூலமா அந்த முன்சீப் கோர்ட்டு சூட் ரிஜிஸ்டர்ல (வழக்குப் பதிவேட்டுல) தேடணும், அப்பீல் போயிருந்தா திருநெல்வேலி கோர்ட்டுலயும் பதிவு இருக்கும். சாட்சி வாக்குமூலம் மாதிரி கட்டுகள காலக்கெடு முடிஞ்சதும் அழிச்சிருவாங்க, டிகிரியும் (தீர்ப்பாணை) சூட் ரிஜிஸ்டரும்தான் நெறைய காலம் இருக்கும், அதனால இன்னும் தள்ளிப்போடாம நகல் மனு போட்டுருங்க.

ஒத்தி மீட்பு கேஸ்னா மீட்க உரிமை உள்ள எல்லாரையும் கட்சியாச் சேக்கணும், அது சிவில் நடைமுறைச் சட்டத்துலயே இருக்கு. அதனால உங்க தாத்தா பேரு ரெண்டாம் வாதியாவோ பிரதிவாதியாவோ டிகிரி தலைப்புல இருக்க நெறைய வாய்ப்பு உண்டு. பிராது (கேஸ் போட்ட மனு) நகல் கிடைச்சா அதுல "இந்த வயல் எங்க தகப்பனாரோடது, அவருக்கு நாங்க ரெண்டு பேரு வாரிசு"ன்னு பெரிய தாத்தாவே சொல்லி கையெழுத்து வச்சிருந்தா, அதுக்கு மேல ஒரு ஆதாரம் வேணுமா? தாத்தா பேரு இல்லாமப் போனாலும் பங்கு போயிராது. கூட்டுச் சொத்த ஒரு பங்காளி தன் பணத்தக் கட்டி மீட்டா, மத்தவங்க பங்குக்கு உண்டான செலவ வசூல் பண்ண அவருக்கு உரிமை உண்டு, சொத்து மொத்தமும் அவருக்கு ஆயிராது. உங்க பங்காளிய சொல்லுத நியாயம் அந்தச் செலவு வரைக்கும்தான் நிக்கும். அந்தக் காலத்துல ஊரே வட்டியில மூழ்கிக் கிடக்கையில பணத்தப் புரட்டி வயல மீட்டவர் பெரிய தாத்தா, அந்த மரியாதைய நீங்க எப்பவும் குறைக்காதீங்க.

ரெண்டு விஷயம் தேடி உறுதி பண்ணணும். ஒண்ணு, உங்க தாத்தா பணம் வாங்கிட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்திருக்காரா, இல்ல பாகப்பிரிவினை பதிவாகி இந்த வயல் மூத்தவருக்குன்னு போயிருக்கா. அது இருந்தா கதை வேற. ரெண்டாவது, "உனக்குப் பங்கு இல்ல"ன்னு எப்பவாவது எழுத்துலயோ வெளிப்படையாவோ சொல்லி விலக்கி விட்டிருக்காங்களா. பங்காளி ஒருத்தர் தனியா உழுது சாப்பிட்டதால மட்டும் மத்தவர் உரிமை போகாது, வெளிப்படையா மறுத்து 12 வருஷம் தாண்டிருச்சுன்னாத்தான் ஆபத்து. விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினையோ எதுவும் இல்லைன்னா பாகக் கேஸ் போடலாம், கேஸ் நடக்கும்போது வித்தாலும் வாங்குனவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும். உங்க அத்தைமார விட்டுட்டுப் போகாதீங்க, அவங்களுக்கும் பங்கு உண்டு, தமிழ்நாட்டுல 1989லயே அப்ப கல்யாணம் ஆகாத பொம்பளப் பிள்ளைங்களுக்கு பூர்வீகச் சொத்துல பங்கு குடுத்து சட்டம் வந்தாச்சு, 2005ல எல்லாப் பொம்பளப் பிள்ளைங்களுக்கும் நாடு முழுக்க வந்துச்சு.

கேள்வி: செங்கோட்டைப் பக்கம் எங்க தோப்புக்கு தாத்தா வச்சிருக்க பேப்பர்ல பாதி மலையாளத்துல இருக்கு, இது செல்லுமா அண்ணாச்சி?

பதில்: தாராளமா செல்லும்மா. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்லயும் பொறவு திருவிதாங்கூர்-கொச்சியிலயும் இருந்துச்சு, அதான் மலையாளம். தண்டப்பேர் நம்பர்னு ஒண்ணு எழுதிருக்கும், அது அந்த ஊர் தீர்வைக் கணக்கு, அத வச்சுத்தான் பழைய பதிவப் பிடிக்கணும். மலையாளம் தெரிஞ்ச வக்கீல்கிட்ட குடுத்து முழுசா மொழிபெயர்த்து வாங்குங்க, பாதி படிச்சுட்டு முடிவு எடுக்காதீங்க. மொதல்ல செங்கோட்டை சார்பதிவாளர் ஆபீஸ், அங்க கிடைக்கலைன்னா திருவனந்தபுரத்துல கேரள ஆவணக் காப்பகத்துல திருவிதாங்கூர் சர்க்கார் ரெக்கார்டுகள் இருக்கு, அங்க எழுதிக் கேளுங்க.

கேள்வி: மூலப் பத்திரம் பங்காளி கையில இருக்கு, காட்ட மாட்டேங்காரு. என்ன செய்ய?

பதில்: அவர்கிட்ட கெஞ்ச வேண்டாம். கிரயம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் (சொத்த உறவுக்கு எழுதிக் குடுக்குத பத்திரம்) எல்லாம் சார்பதிவாளர் ஆபீஸ்ல முதல் புத்தகத்துல பதிவாகும், பதிவுச் சட்டப்படி யார் வேணும்னாலும் பீஸ் கட்டி சர்டிபைடு காப்பி வாங்கலாம், உறவுமுறைய நிரூபிக்கணும்னு கூட இல்ல. உயில் மட்டும் வேற புத்தகம், எழுதினவர் உயிரோட இருக்க வரைக்கும் அவருக்கும் அவரோட ஏஜெண்டுக்கும்தான் குடுப்பாங்க, அவர் காலத்துக்குப் பொறவு இறப்புச் சான்றிதழோட போனா வாங்கிரலாம்.