மார்க் வந்துவிட்டது, ரேங்க் ஏன் வரவில்லை?

கேள்வி: டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு 15 வயது, 12 வயதிலிருந்து சிவில் ஏர் பட்ரோலில் கேடட். பில்லி மிட்செல் விருதுக்கான இரண்டு தேர்விலும் 90க்கு மேல் எடுத்திருக்கிறாள். ஓட்டம் பாஸ், ஒரு வார என்கேம்ப்மென்டும் (பயிற்சி முகாம்) போய் வந்துவிட்டாள். ஆனால் ஸ்குவாட்ரன் (உள்ளூர்ப் பிரிவு) கமாண்டர் "இன்னும் கொஞ்சம் பொறு" என்கிறார். இவளுக்குப் பிறகு சேர்ந்த பையனுக்குக் கொடுத்தாகிவிட்டது. நம் நிறத்தைப் பார்க்கிறார்களோ என்று மனசு உறுத்துகிறது. என் கணவர் மேலிடத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்துக்கொண்டு "அனுப்பவா?" என்கிறார். அவரேதான் "இது கிடைத்து என்ன ஆகப்போகிறது, அந்த நேரத்தில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வுக்குப் படிக்கலாம்" என்றும் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: மின்னஞ்சலை அனுப்ப வேண்டாம். இப்போதைக்கு.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: சிவில் ஏர் பட்ரோல் என்பது அமெரிக்க விமானப்படையின் துணை அமைப்பு, 1941 டிசம்பர் 1 அன்று, பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குச் சில நாள் முன்பு தொடங்கியது. 12 வயதில் கேடட்டாகச் சேரலாம், 21 வரை இருக்கலாம். மிட்செல் விருது வாங்கினால் சார்ஜன்ட் வரிசை முடிந்து கேடட் செகண்ட் லெப்டினன்ட், அதாவது கேடட் ஆபீசர்.

சிக்கல் அந்த 'ஆபீசர்' என்பதில்தான் இருக்கிறது. நம் வீடுகளில் பரீட்சை எழுதினோமா, மார்க் வந்ததா, அடுத்த வகுப்பா என்றே பழகிவிட்டோம், அதனால் 80 சதவீதம் எடுத்தால் பாஸ் என்ற இடத்தில் 90 எடுத்தவளை நிறுத்தி வைத்தால் அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் இங்கே தேர்வும் ஓட்டமும் என்கேம்ப்மென்டும் வாசல் வரைதான் கொண்டுபோய் விடும். இவளிடம் பத்துப் பன்னிரண்டு பொடிசுகளை ஒப்படைக்கலாமா என்று கமாண்டர் பார்க்கிறார். புதிதாக வந்த 12 வயதுக்காரன் டிரில்லில் கால் மாற்றி வைத்து முழிக்கும்போது இவள் போய்ச் சொல்லிக் கொடுக்கிறாளா, அல்லது தன் வரிசையில் அழகாக நின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறாளா? கேட்டால் பளிச்சென்று பதில் சொல்லும், கேட்காமல் வாய் திறக்காத நல்ல பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. உங்கள் மகள் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, கடிதத்தில் அது இல்லை. ஆனால் கடிதம் முழுக்க அவள் வாங்கிய மார்க் இருக்கிறதே தவிர, அவள் யாருக்கு என்ன சொல்லிக் கொடுத்தாள் என்று ஒரு வரிகூட இல்லை என்பதையும் கவனித்தேன்.

அதனால் முதல் வேலை அவளுடையது. அவளே கமாண்டரிடம் நேரம் கேட்டு, சீருடையில் போய், "நான் எதில் குறைகிறேன், எதைச் செய்து காட்ட வேண்டும், எப்போது மறுபடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வரட்டும். நீங்கள் கார் பார்க்கிங்கிலேயே இருங்கள், ப்ளீஸ். இப்படிப் போய்க் கேட்பதே அந்தக் கமாண்டர் பார்க்க விரும்புகிற விஷயமாக இருக்கலாம். பதவி உயர்வை நிறுத்தினால் கேடட்டை உட்கார வைத்துக் காரணம் சொல்ல வேண்டும், 60 நாளுக்குள் திரும்பப் பரிசீலிக்க வேண்டும் என்பதுதான் நடைமுறை. தலைமைப் பண்பை மதிப்பிடும் படிவமும் உண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முறையாவது அதை நிரப்பிக் கேடட்டோடு பேச வேண்டும். அவளுடைய படிவத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், அதில் தப்பே இல்லை.

"இன்னும் நன்றாகச் செய்" என்று மொட்டையாகச் சொன்னால் அவள் விடக்கூடாது, ஏதாவது பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம் புதியவர்களுக்கு ஒரு விண்வெளி வகுப்பை நான் எடுக்கிறேன், மாடல் ராக்கெட் விடும் நாளை நான் பார்த்துக்கொள்கிறேன், இந்த மாதிரி. சொன்னதைச் செய்து முடித்தாள் என்றால் அடுத்த சந்திப்பில் கமாண்டருக்கு மறுக்கக் காரணம் இருக்காது.

சரி, நிற விஷயம். அதை நான் தட்டிக்கழிக்கவில்லை, அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் அந்தப் பையனுக்கு முன்னால் கிடைத்தது என்பது மட்டும் ஆதாரம் ஆகாது. காரணமே சொல்ல மாட்டேன் என்கிறாரா, சொன்ன காரணம் ஒவ்வொரு முறையும் மாறுகிறதா, 60 நாள் தாண்டியும் கூப்பிடவில்லையா, மற்ற இந்தியப் பிள்ளைகளுக்கும் இதே கதையா என்று பாருங்கள். ஆம் என்றால் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு, நீங்களும் கணவரும் முதலில் அந்தக் கமாண்டரையே சந்தியுங்கள், அதிலும் நடக்கவில்லை என்றால் மாநில அளவில் இருக்கும் விங் தலைமைக்கு எழுதுங்கள். அப்போது அந்த மின்னஞ்சலுக்கு எடை இருக்கும்.

இந்த விருதுக்குப் பெயர் கொடுத்த பில்லி மிட்செல், மேலதிகாரிகளைப் பத்திரிகைகளில் வெளுத்து வாங்கியதற்காக 1925இல் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றவாளி என்று தீர்ப்பாகி, அடுத்த வருடம் வேலையை விட்டவர். விமானத்திலிருந்து குண்டு போட்டே போர்க்கப்பலை மூழ்கடிக்கலாம் என்று 1921இல் செய்து காட்டியவரும் அவர்தான். அவர் சொன்னது சரி என்று உலகம் ஒத்துக்கொண்டபோது அவர் உயிரோடு இல்லை. உங்கள் கணவருக்கு இந்தக் கதை பிடிக்கலாம், ஆனால் மகளுக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

"என்ன ஆகப்போகிறது" என்ற கேள்விக்கு: மிட்செல் வாங்கியவர் பின்னால் விமானப்படையில் சாதாரண வீரராகச் சேர்ந்தால், அடிமட்டத்தில் தொடங்காமல் மூன்றாவது சம்பளப் படியில் தொடங்கலாம். அவளுக்கு ராணுவ எண்ணமே இல்லையென்றால் இந்தச் சலுகையால் பயன் இல்லை. கல்லூரி விண்ணப்பத்தில் எழுதலாம், ஆனால் இது ஒன்றே சீட் வாங்கித் தராது. எஸ்ஏடியை மறுபடி எழுதிக்கொள்ளலாம், அதற்காக வாரம் ஒரு மாலை போகும் இதை நிறுத்தச் சொல்ல நான் தயாரில்லை, அதுவும் அவள் மூன்று வருடம் உழைத்த பிறகு. அவளுக்கு 15தான், ஒவ்வொரு படிக்கும் இடையில் குறைந்தது 8 வாரம் என்று வைத்தாலும் மிட்செலுக்கு மேலே இருக்கும் இயர்ஹார்ட், ஈக்கர், ஸ்பாட்ஸ் விருதுகள் வரை போக நேரம் இருக்கிறது. போக வேண்டுமா என்று அவளிடம் கேட்டீர்களா? கடிதத்தில் உங்கள் கருத்து இருக்கிறது, கணவருடைய கருத்து இருக்கிறது, கமாண்டருடையதும் இருக்கிறது. அவள் என்ன சொல்கிறாள் என்று அடுத்த முறை எழுதுங்கள்.