டி.வி. செய்தி பார்த்து வலிப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: காலையில் டீ போட்டுக்கொண்டே டி.வி. செய்தி கேட்பது என் பழக்கம். கர்ப்ப காலத்தில் சாப்பிட்ட வலிப்பு மாத்திரையால் பிள்ளைகள் பாதிக்கப்பட்டதாக இங்கிலாந்தில் சில தாய்மார்கள் போராடுவதைக் காட்டினார்கள். மாத்திரையின் பெயர் வால்ப்ரோயேட் என்றார்கள். பத்தாம் வகுப்பிலிருந்து என் மகள் சாப்பிடுவதும் அதேதான். போன வைகாசியில் கல்யாணம் முடிந்து குன்னூரில் இருக்கிறாள். குழந்தையை எதிர்பார்த்திருக்கிறார்கள். போனில் விஷயத்தைச் சொன்னதும் மாத்திரையை நிறுத்திவிட்டாள். மூன்று வருஷமாக வலிப்பே வரவில்லை என்பதால் எனக்கும் அதுவே சரி என்று பட்டது. மாமியார் வீட்டில் வலிப்பு பற்றி எதுவும் தெரியாது. நாங்கள் செய்தது சரிதானா டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: கடிதத்தில் போன் நம்பர் கொடுத்திருந்ததால், படித்த கையோடு உங்களிடமும் மகளிடமும் பேசிவிட்டேன். அவர் ஏற்கெனவே பார்க்கும் டாக்டரிடம் அன்றைக்கே போனதும், கோவையில் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க நாள் வாங்கியதும் நிம்மதியாக இருக்கிறது. இதே குழப்பத்தில் இன்னும் எத்தனை வீடுகள் இருக்குமோ என்றுதான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்த செய்தி உண்மை. வால்ப்ரோயேட் சாப்பிடும் நூறு தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் சுமார் பத்துப் பேருக்கு முதுகுத்தண்டு மூடாமல் இருப்பது, அண்ணப் பிளவு, இதயக் கோளாறு என்று ஏதாவது பிறவிக் குறை வரலாம். மற்ற தாய்மாரிடம் இது நூற்றுக்கு இரண்டு, மூன்று. அதோடு வால்ப்ரோயேட் சாப்பிடும் தாய்மாரின் நூறு குழந்தைகளில் முப்பது, நாற்பது பேருக்குப் பேச்சு, படிப்பு, பழகும் விதம் ஆகியவற்றில் சிக்கல் வருகிறது. அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். பிரான்ஸில் லியோன் நகரத்து மருத்துவர்கள் 1982-லேயே இதைக் கண்டு எழுதினார்கள். ஆனாலும் இங்கிலாந்தில் பல தாய்மாருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான விசாரணைக் குழு 2020 ஜூலையில் கொடுத்த அறிக்கை அதைத்தான் சொன்னது. அங்கே 2024 ஜனவரியிலிருந்து 55 வயதுக்குட்பட்ட யாருக்கும் இந்த மாத்திரையைப் புதிதாகத் தொடங்க வேண்டுமானால் இரண்டு நிபுணர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தாய்மார் வருஷக்கணக்காகக் குரல் கொடுத்திராவிட்டால் உங்கள் அடுப்படி வரை இந்தச் செய்தி வந்திருக்காது. அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆனால் இரண்டு நிமிடச் செய்தியில் விட்டுப்போகும் ஒரு விஷயம் இருக்கிறது. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம், விட்டுவிட்டு அடுத்தடுத்து வரலாம். மூன்று வருஷம் வரவில்லை என்றால் மாத்திரை தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். நான் மகப்பேறு மருத்துவர். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியைத் தூக்கி வந்தார்கள். பக்கத்து வீட்டார் பேச்சைக் கேட்டு அவளாகவே மாத்திரையை நிறுத்தியிருந்தாள். வாசல் படிக்கட்டில் வலிப்பு வந்து வயிறு அடிபட விழுந்திருக்கிறாள். தாயைக் காப்பாற்றினோம், குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. படிக்கட்டும் சரிவும் விறகடுப்பும் இல்லாத வீடு நம் மலையில் ஏது?

அப்படியானால் என்ன வழி? மாத்திரையை மாற்றுவது. லெவெட்டிராசெட்டம், லாமோட்ரிஜின் இரண்டும் கர்ப்பிணிகளுக்கு எவ்வளவோ பாதுகாப்பானவை. ஆனால் ஒன்றைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து இன்னொன்றைக் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்ற வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதை நரம்பியல் மருத்துவர்தான் செய்ய வேண்டும். அதுவரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடுங்கள். எந்தக் கருத்தடை முறை ஒத்துவரும் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

‘நாள் தள்ளிப்போனதும் போய்க் கேட்டுக்கொள்ளலாம்’ என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். கரு உருவான நாலு வாரத்துக்குள் குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனதை உறுதி செய்து, டவுன் பஸ் பிடித்து என்னிடம் வந்து சேர்வதற்குள் அந்தக் காலம் முடிந்தே போயிருக்கும். அதனால்தான் வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண்கள் கல்யாணப் பேச்சு தொடங்கும்போதே வந்து கேட்க வேண்டும் என்கிறேன். ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். மற்றப் பெண்களுக்கு 400 மைக்ரோகிராம் போதும், வலிப்பு மாத்திரை எடுப்பவர்களுக்குப் பொதுவாக 5 மில்லிகிராம் தருவோம். ஒற்றைத் தலைவலிக்கும் சில மனநலப் பிரச்சினைகளுக்கும்கூட வால்ப்ரோயேட் எழுதப்படுகிறது. வலிப்பே இல்லாதவர்களும் தங்கள் மாத்திரை அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே கர்ப்பமாகிவிட்டவர்களும் மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். இந்த மாத்திரை எடுத்த தாய்மாரின் எல்லாக் குழந்தைக்கும் பாதிப்பு வந்துவிடாது. அந்தத் தாய்மார் தங்களையே பழித்துக்கொள்ளவும் கூடாது.

மாமியார் வீட்டு விஷயத்தில் மகள்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் ஒளித்து ஒளித்துச் சாப்பிடும் மாத்திரை ஒருநாள் தவறிப்போகும், என் பயம் அதுதான். முதலில் கணவரிடம் சொல்லட்டும், அவரையும் கோவைக்குக் கூட்டிப் போகட்டும். வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய இந்து திருமணச் சட்டத்தில் முன்பு இடம் இருந்தது. 1999-ல் அந்த வார்த்தையையே நீக்கிவிட்டார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்தில் வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென்றே 1998 முதல் தனிப் பதிவேடு வைத்துக் கவனிக்கிறார்கள். வலிப்புள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள்.

இன்னொன்று. நம் ஊரில் சளி என்றாலும் தலைவலி என்றாலும் நீலகிரித் தைலம்தான். வலிப்பு உள்ளவர்களுக்கு அதைத் தூண்டிவிடும் குணம் தைலத்துக்கும் கற்பூரத்துக்கும் உண்டு. மகள் இரண்டையும் தவிர்க்கட்டும். தைலத்தை உள்ளுக்குக் கொடுப்பது யாருக்குமே கூடாது.

கேள்வி: என் மனைவிக்கு ஐந்தாம் மாதம். காய்ச்சல் கொதிக்கிறது. பாராசிட்டமால் சாப்பிட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்று டி.வி.யில் பார்த்ததாகச் சொல்லி மாத்திரையே வேண்டாம் என்கிறாள். மெடிக்கலில் செட்டு மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?
- வாசகர், கூடலூர்

பதில்: செட்டு மாத்திரை வேண்டவே வேண்டாம். பாராசிட்டமால் கொடுங்கள். 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப் சொன்னதுதான் அந்தச் செய்தி. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் உடனே மறுத்துவிட்டது. சுவீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளின் விவரத்தை ஆராய்ந்து 2024-ல் வெளியிட்டார்கள். ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டபோது, இந்த மாத்திரைக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. காய்ச்சலைக் கொதிக்க விடுவதுதான் கருவுக்கு ஆகாது. ஒருநாளில் குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டி, எதனால் காய்ச்சல் என்று பாருங்கள்.

செட்டு மாத்திரை என்று காகிதத்தில் மடித்துத் தருகிறார்களே, அதைப் பலர் என் மேஜையில் பிரித்துக் காட்டுகிறார்கள். மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் இரண்டு, அட்டையிலிருந்து கத்தரித்த துண்டில் ஒன்று. பெயரும் காலாவதித் தேதியும் மீதி அட்டையோடு கடையிலேயே இருந்துவிடும். என்ன சாப்பிட்டாள் என்று எனக்கே கண்டுபிடிக்க முடியாது. வலி மாத்திரைகளான டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் அதில் இருக்க வாய்ப்பு அதிகம். 20 வாரத்துக்கு மேல் அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைத்துவிடலாம். உங்கள் மனைவி அந்தக் கட்டத்தை ஒட்டித்தான் இருக்கிறார். பெயர் படிக்க முடியாத எந்த மாத்திரையையும் வீட்டுக்குள் சேர்க்காதீர்கள்.

கேள்வி: ஸ்கேனுக்காக வத்தலக்குண்டு ரோட்டில் இறங்கும்போதெல்லாம் ஒரே வாந்தி. வீட்டிலும் நிற்கவில்லை. வாந்தி மாத்திரை குழந்தைக்கு ஆகாது என்கிறார்களே?
- வாசகி, பண்ணைக்காடு

பதில்: டாக்ஸிலமைனும் வைட்டமின் பி6-ம் சேர்ந்த மாத்திரையைத் தைரியமாகச் சாப்பிடலாம். அமெரிக்காவில் இதன் மேலும் பழி விழுந்து, வழக்குகள் குவிந்து, 1983-ல் கம்பெனியே விற்பனையை நிறுத்தியது. ஆய்வுகளில் குற்றம் நிரூபணமாகவில்லை. 2013-ல் அதே கூட்டு மருந்துக்கு அங்கே மறுபடி அனுமதி கொடுத்தார்கள். இடைப்பட்ட முப்பது வருஷம் அங்குள்ள கர்ப்பிணிகள் தேவையில்லாமல் அவதிப்பட்டதுதான் மிச்சம். உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கி இரவு படுக்கும்போது போடுங்கள், தூக்கம் வரும். தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போனால் மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். டிரிப் ஏற்ற வேண்டியிருக்கும்.