கையுறையைக் கழற்றியவர்கள்: ஹாக்கி கேள்வி–பதில்

சென்ற இதழில் ஐஸ் ஹாக்கியின் 'என்ஃபோர்சர்'களைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தோம். எதிரணி முரட்டுத்தனம் காட்டினால் திருப்பிக் கொடுப்பதற்கென்றே அணியில் வைத்திருக்கும் ஆட்கள் அவர்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

என் அண்ணன் ஃபிலடெல்ஃபியாவில் வேலை பார்க்கிறார். அங்கே ஐம்பது வருடத்துக்கு முன் ஆடிய டேவ் ஷுல்ட்ஸ் என்பவரை இன்றும் கொண்டாடுகிறார்களாம். அடிதடிக்குப் பேர் போன ஒருவரை ஏன் இத்தனை அன்போடு நினைக்கிறார்கள்? (வாசகர், பர்கூர்)

ஃபிலடெல்ஃபியா ஃபிளையர்ஸ் அணி 1967-ல் புதிதாக வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் சேர்ந்தது. 1968, 1969 இரண்டு வருடமும் பிளே-ஆஃபில் செயின்ட் லூயிஸ் அணியிடம் தோற்றது. ஆட்டத்தில் தோற்றதோடு உடம்பிலும் அடி வாங்கியது. இனி எவனும் நம் பிள்ளைகளை மிரட்டக் கூடாது என்று உரிமையாளர் எட் ஸ்னைடர் முடிவெடுத்தார். அதன் பிறகு அணிக்குள் வந்தவர்கள்தான் ஷுல்ட்ஸ், பாப் கெல்லி, ஆந்த்ரே டுபோன், டான் சலெஸ்கி. பத்திரிகைகள் 'பிராட் ஸ்ட்ரீட் புல்லீஸ்' என்று பேர் வைத்தன. பிராட் ஸ்ட்ரீட் அணியின் அரங்கம் இருந்த தெரு, புல்லீஸ் என்றால் முரடர்கள்.

1974 அரையிறுதியின் ஏழாவது ஆட்டம் ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. நியூயார்க் ரேஞ்சர்ஸின் டேல் ரோல்ஃபை ஷுல்ட்ஸ் வெளுத்து வாங்கினார். பக்கத்திலேயே நின்ற ரேஞ்சர்ஸ் வீரர்களில் ஒருவர்கூடத் துணைக்கு வரவில்லை. தொடர் அங்கேயே முடிந்துவிட்டது என்பார்கள். ஆட்டத்தை ஃபிளையர்ஸ் 4-3 என்று வென்றது. அடுத்து பாஸ்டனை வீழ்த்தி லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பையையும் எடுத்தது. புதிதாகச் சேர்ந்த அணிகளில் கோப்பை வென்ற முதல் அணி அதுதான். 1975-ல் மறுபடியும் வென்றது. அந்த 1974-75 பருவத்தில் தவறுகளுக்காக வெளியே உட்கார ஷுல்ட்ஸ் வாங்கிய தண்டனை நேரம் 472 நிமிடம். ஒரே பருவத்தில் அதைத் தாண்டியவர் இன்றுவரை இல்லை.

ஆனால் இந்த நினைவில் ஒரு பாதி விடுபட்டுப் போகிறது. இரண்டு வருடமும் பிளே-ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவர் கோல் கீப்பர் பெர்னி பேரன்ட். கேப்டன் பாபி கிளார்க் லீக்கின் சிறந்த வீரர் விருதை மூன்று முறை பெற்றவர். சர்க்கரை நோயோடு ஆடியவர். ஷுல்ட்ஸே 1973-74-ல் 20 கோல் அடித்திருக்கிறார். கோப்பையை வாங்கித் தந்தது திறமைதான். அந்தத் திறமைசாலிகள் பயமில்லாமல் ஆட இடம் பிடித்துக் கொடுத்தது ஷுல்ட்ஸ் போன்றவர்களின் வேலை. ஊர்க்காரர்களின் அன்பு அதற்காகத்தான். 1976 இறுதியில் மான்ட்ரியல் அணி வேகத்தாலும் நுணுக்கத்தாலும் ஃபிளையர்ஸை நாலுக்கு பூஜ்யம் என்று சாய்த்தது. அந்தத் தொடரில் கைமுஷ்டி எதையும் மாற்றவில்லை.

ஆட்டத்தின் நடுவில் சண்டை போடுகிறார்கள், நடுவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். வீடியோவில் பார்த்தேன். இது எப்படிச் சட்டமாகும்? (வாசகர், பாலக்கோடு)

சட்டம் சண்டையை அனுமதிக்கவில்லை. அதற்கு ஒரு விலை வைத்திருக்கிறது, அந்த விலை மலிவு. விஷயமே அங்கேதான்.

இரண்டு பேர் கையுறையைக் கழற்றிப் போட்டு மோதினால் இருவருக்கும் 5 நிமிடம் 'மேஜர்' தண்டனை. இருவரும் தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு அணிக்கும் சமமாக விழுவதால் மாற்று ஆட்கள் இறங்கிக்கொள்ளலாம். பனியில் ஐந்துக்கு ஐந்து அப்படியே இருக்கும். பெட்டிக்குள் போனவர் அணியின் முதல் கோல்காரராக இல்லாவிட்டால் அணிக்கு நஷ்டமே கிடையாது. அதனால்தான் அந்த வேலைக்கென்றே ஒரு ஆளை வைத்துக்கொள்ள முடிந்தது.

லைன்ஸ்மேன்கள் (துணை நடுவர்கள்) உடனே பாயாததற்கும் காரணம் உண்டு. இருவரும் ஸ்கேட்டில் நிற்கிறார்கள், நான்கு கை சுழல்கிறது. நடுவில் புகுந்தால் ஒருவரின் கையைப் பிடித்து மற்றவர் அடிக்க வழி செய்ததுபோல் ஆகிவிடும். ஒருவர் கீழே விழுந்ததும், அல்லது இருவரும் களைத்ததும் புகுந்து பிரிப்பார்கள்.

மற்ற விலைகள் கடுமையானவை. மூன்றாவது ஆள் நடுவில் புகுந்தால் ஆட்டத்தை விட்டே வெளியேற்றம். சண்டைக்காக பெஞ்சிலிருந்து முதலில் குதித்து வருபவருக்கு 10 ஆட்டத் தடை. வலியப் போய் ஆரம்பித்தவருக்குக் கூடுதலாக 2 நிமிடமும் 10 நிமிட 'மிஸ்காண்டக்ட்' என்ற ஒழுங்கீனத் தண்டனையும். 1992-ல் இந்த 'தூண்டியவர்' விதி இறுக்கப்பட்ட பிறகுதான் என்ஃபோர்சர்களின் காலம் மெல்லத் தேய ஆரம்பித்தது. ஜெர்சியின் பின்பக்கத்தை பேன்ட்டோடு கட்டும் வார் ஒன்று உண்டு. அதைக் கட்டாமல் சண்டையில் ஜெர்சி முழுதாகக் கழன்றாலும் வெளியேற்றம்தான். எதிராளி தலைமேல் இழுத்துப் போர்த்த முடியாதபடி ஜெர்சியைக் கழற்றிவிட்டுச் சண்டை போட்டவர்கள் இருந்ததால் வந்த விதி.

அதிக தண்டனை நிமிடம் வாங்கியவர் யார்? (மாணவர், ஊத்தங்கரை)

டேவ் 'டைகர்' வில்லியம்ஸ். மொத்தம் 3,960 நிமிடத்துக்கும் மேல், அதாவது 66 மணி நேரத்துக்கு மேல். 241 கோலும் அடித்திருக்கிறார்.

மெக்ஸார்லி, பெர்டூஸி இருவர் மீதும் நீதிமன்ற வழக்கே நடந்ததாமே? ரசிகர்கள் இவர்களையும் ஷுல்ட்ஸ் மாதிரி நினைக்கிறார்களா? (கல்லூரி மாணவி, ஓசூர்)

இல்லை. எது எல்லை என்பது அந்த ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும். எதிராளி முகத்துக்கு நேரே நிற்கிறாரா, அவரும் சம்மதித்துக் கையுறையைக் கழற்றினாரா என்பதுதான் எல்லை.

மார்ட்டி மெக்ஸார்லி, நட்சத்திர வீரர் வெய்ன் கிரெட்ஸ்கிக்குக் காவலாக எட்மன்டனில் ஆடியவர். 1988-ல் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றியபோது அவரோடு சேர்ந்து போனவர். 2000 பிப்ரவரி 21 அன்று பாஸ்டனுக்காக ஆடியபோது, ஆட்டம் முடிய சில விநாடிகளே இருக்கையில், வான்கூவரின் டொனால்ட் பிரஷியரின் தலையில் மட்டையால் அடித்தார். பிரஷியர் பார்க்கவே இல்லை. கீழே விழுந்து தலை பனியில் மோதியது. நீதிமன்றம் மெக்ஸார்லியைக் குற்றவாளி என்றது, லீக் ஒரு வருடம் தடை போட்டது. அதன் பிறகு அவர் அந்த லீக்கில் ஆடவே இல்லை.

பெர்டூஸி சம்பவம் இன்னும் கொடுமை. 2004 பிப்ரவரியில் கொலராடோவின் ஸ்டீவ் மூர் மோதியதில் வான்கூவர் கேப்டன் மார்கஸ் நாஸ்லண்டுக்குத் தலையில் அடி. நடுவர்கள் தண்டனை தரவில்லை. மார்ச் 8 அன்று இரு அணிகளும் மறுபடி சந்தித்தபோது, முதல் பகுதியிலேயே மாட் குக் என்பவரோடு மூர் சண்டை போட்டார். அவர்கள் வழக்கப்படி கணக்கு அதோடு தீர்ந்துவிட்டது. ஆனால் வான்கூவர் படுதோல்வியில் இருந்த மூன்றாம் பகுதியில் டாட் பெர்டூஸி பின்னாலிருந்து ஜெர்சியைப் பிடித்திழுத்துக் குத்தி, மூரை முகம் குப்புறப் பனியில் சாய்த்தார். கழுத்தெலும்பில் மூன்று முறிவு. மூரின் ஆட்ட வாழ்க்கை அன்றோடு முடிந்தது. பெர்டூஸி குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூரின் நஷ்ட ஈட்டு வழக்கு 2014-ல்தான் சமரசத்தில் முடிந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். பெர்டூஸி என்ஃபோர்சர் இல்லை. அதற்கு முந்தைய பருவத்தில் 46 கோல் அடித்த முன்வரிசை ஆட்டக்காரர். 'காவலுக்கு ஆள் இருந்தால் கோழைத்தனமான அடி விழாது' என்ற வாதத்தை அன்று அரங்கில் நடந்ததே பொய்யாக்கிவிட்டது.

லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் மெக்ஸார்லியை வேறொன்றுக்காகவும் மறக்கமாட்டார்கள். 1993 இறுதியின் இரண்டாவது ஆட்டம், அவர்கள் 2-1 முன்னிலை, இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக நேரம். மான்ட்ரியல் பயிற்சியாளர் மெக்ஸார்லியின் மட்டையை அளக்கச் சொன்னார். வளைவு அன்றைய வரம்பான அரை அங்குலத்துக்கு மேல் இருந்தது. தண்டனை, சமன் கோல், கூடுதல் நேரத்தில் தோல்வி. அதன் பிறகு ஒரு ஆட்டம்கூட அந்தத் தொடரில் அவர்கள் ஜெயிக்கவில்லை. தரையில் ஆடும் நம் ஹாக்கியிலும் மட்டை சோதனை உண்டு. ஆடும் முகம் கீழே இருக்கும்படி மட்டையைச் சமமான மேசையில் வையுங்கள். நடுவில் தெரியும் இடைவெளி 25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சுற்றிய டேப்போடு சேர்த்து 51 மில்லிமீட்டர் வளையத்துக்குள் மட்டை நுழைய வேண்டும். பிடியில் டேப்பை மூன்று சுற்று ஏற்றிவிட்டுப் போட்டியன்று தவிக்கும் பிள்ளைகள் நிறைய.

எங்கள் பள்ளி அணியின் பேக் (தடுப்பாட்டக்காரன்) நல்ல உடற்கட்டு. எதிரணி பயப்படுகிறது. ஆனால் ஆட்டத்துக்கு இரண்டு கார்டு வாங்கிவிடுகிறான். அப்படி ஒரு முரட்டு ஆள் அணிக்குத் தேவைதானே? (உடற்கல்வி ஆசிரியர், காவேரிப்பட்டணம்)

நம் ஹாக்கியில் தேவையில்லை சார். இங்கே விலை வேறு. பச்சைக் கார்டு 2 நிமிடம், மஞ்சள் குறைந்தது 5 நிமிடம், உடல் மோதலுக்கு 10 வரைகூடப் போகும், சிவப்பு மீதி ஆட்டம் முழுவதும். மூன்றிலும் மாற்று ஆள் கிடையாது, பத்துப் பேரோடுதான் ஆட வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்புக் கார்டு விழுந்தது. மட்டை எதிராளி முகத்தில் பட்டுவிட்டது. மீதி 43 நிமிடம் பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து, 1-1 என்று முடித்து, ஷூட்-அவுட்டில் 4-2 என்று வென்றோம். கோல் கீப்பர் ஸ்ரீஜேஷ் அன்று ஒரு மலைபோல் நின்றார். ஆனால் ஒரு ஆட்டத் தடையால் ரோஹிதாஸ் அரையிறுதியில் இல்லை. ஜெர்மனியிடம் 2-3 தோற்றோம். கார்டின் விலை அடுத்த ஆட்டத்திலும் வந்து நிற்கும்.

உங்கள் பையனிடம் கெட்ட எண்ணம் இருக்காது. பெரும்பாலும் கால் தாமதமாவதுதான் காரணம். எதிராளிக்கு நேர் எதிரே சதுரமாக நிற்பான், அவன் தாண்டிப் போனதும் பின்னாலிருந்து மட்டையை வீசுவான். இப்படி மாற்றுங்கள்.

எதிராளி ஐந்து மீட்டர் தூரத்தில் இருக்கும்போதே பின்வாங்கிக்கொண்டே வேகத்தை அவனோடு ஒத்துக்கொள்ள வேண்டும். இடது கால் முன்னே, உடம்பு சற்றுப் பக்கவாட்டில். இப்படி நின்றால் எதிராளி நம் பையனின் வலப்பக்கம்தான் போக முடியும், மட்டையின் நேர்முகம் இருக்கும் பக்கம். முதலில் 'ஜாப்': இடது கை மட்டும் மட்டையின் நுனிப் பிடியில், மட்டை தரையை ஒட்டி, குத்திவிட்டு உடனே திரும்ப எடுக்க வேண்டும். பந்தைப் பறிப்பது நோக்கமில்லை, எதிராளியைத் தலைகுனிந்து பந்தைப் பார்க்க வைத்தால் போதும். அவன் பந்து மட்டையை விட்டு ஓரடி விலகும் நொடியில் 'பிளாக்': இரண்டு கையும் பிடியில், வலது முட்டி மடங்கி, விரல்முட்டிகள் தரையை உரசும் உயரத்தில்.

பிழை நடக்கும் இடங்கள் மூன்று. மேலிருந்து வெட்டினால் பந்துக்கு முன் எதிராளி மட்டை மேல் விழும். உடம்புக்குக் குறுக்கே இடப்பக்கம் எட்டினால் தோள் முதலில் மோதும். தாண்டிவிட்டவனைப் பின்னாலிருந்து எட்டினால் காலில் படும். தாண்டிவிட்டால் மட்டையைத் தூக்கக் கூடாது, கோல் பக்கமாக ஓடி இணையாக வந்த பிறகுதான் தொட வேண்டும். 23 மீட்டர் கோட்டுக்குள் வேண்டுமென்றே செய்த தவறு என்று நடுவர் கருதினால் எதிரணிக்குப் பெனால்ட்டி கார்னர், கோல் அடிக்க நல்ல வாய்ப்பு.

பயிற்சிக்கு நாலு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளத்தில் ஒரு சந்து. முதல் ஐந்து முறை பையன் கையில் மட்டையே வேண்டாம், காலால் மட்டும் ஓரத்துக்குத் தள்ளட்டும். அடுத்த ஐந்து ஜாப் மட்டும். பிறகு பிளாக். நம் பக்கத்துச் செம்மண் தரையில் பந்து கல்லில் பட்டுத் துள்ளும், மட்டையும் தானாக மேலே எழும். காலையில் கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டிவிட்டு ஆரம்பித்தால் பாதித் தவறு குறையும்.

ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்குப் பயிற்சியில் தலையில் பந்து பட்டது. கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு மீதி ஆட்டத்தையும் ஆடினாள். இரண்டு நாளாகத் தலைவலி. வெளியே காயம் இல்லை. அடுத்த வாரம் போட்டிக்கு அனுப்பலாமா? (தாய், அரூர்)

அனுப்பாதீர்கள் அம்மா. இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தடுமாறியதும் அவளை வெளியே எடுத்திருக்க வேண்டும், அன்று முழுவதும் திரும்ப இறக்கியிருக்கக் கூடாது. வெளிக்காயம் இல்லாததால் மூளை அதிர்ச்சி இல்லை என்று ஆகாது.

வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, குளறும் பேச்சு, கை கால் பலவீனம், கண்மணி ஒன்று பெரிதாக இருப்பது, கழுத்து வலி: இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் 108.

மருத்துவர் பார்த்து ஆபத்தில்லை என்று சொன்னால், முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. மெதுவாக நடக்கலாம், செல்போன் திரையைக் குறைக்க வேண்டும். பள்ளிப் பாடம் பழையபடி தாங்கிய பிறகுதான் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு. அதிலும் படிப்படியாக: லேசான ஓட்டம், பிறகு மட்டையோடு தனிப் பயிற்சி, பிறகு மோதல் இல்லாத குழுப் பயிற்சி, கடைசியில்தான் முழுப் பயிற்சியும் போட்டியும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி கூடினால் நிறுத்தி, மறுநாள் முந்தைய படியிலிருந்து.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம், மேலே எழுதிய என்ஃபோர்சர் வகை ஆட்களே. டெட்ராய்ட் ரசிகர்களின் செல்லப்பிள்ளை பாப் ப்ரோபர்ட் 2010-ல் 45 வயதில் இறந்தார். டெரெக் பூகார்ட் 2011-ல் 28 வயதில், வலிமாத்திரையும் மதுவும் சேர்ந்ததால் இறந்தார். இருவர் மூளையையும் பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோது, தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்கு வரும் சி.டி.ஈ. என்ற சிதைவு இருந்தது. இறந்த பிறகே உறுதி செய்யக்கூடிய நோய் அது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் எழுந்து போய் ஆடியவர்கள் அவர்கள், அரங்கமும் அதற்காகவே கைதட்டியது. உங்கள் மகளுக்கு விழுந்தது ஒரே ஒரு அடி. அது ஆறுவதற்குள் இரண்டாவது விழக் கூடாது.

வாய்க்கவசம் பல்லைக் காக்கும், மூளை அதிர்ச்சியைத் தடுக்காது. பெனால்ட்டி கார்னரில் முதலில் ஓடுபவள் என்றால் முகக்கவசமும் வேண்டும். மருத்துவரிடம் எழுதி வாங்கிய சீட்டை உடற்கல்வி ஆசிரியர் கையில் கொடுங்கள். அது இல்லாமல் அவளை யாரும் இறக்கக் கூடாது, மாவட்டப் போட்டியாக இருந்தாலும்.