45 லட்சம் கொடுத்து மெக்சிகோ வழியாகப் போகலாமா?

தம்பி, ஏஜென்ட் 45 லட்சம் கேட்கிறார், மெக்சிகோ வழியாக அமெரிக்காவில் கொண்டுபோய் விடுவாராம், அங்கே போய்விட்டால் 'பேப்பர்' தானாக வருமாம், பேரணாம்பட்டு நிலத்தை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியூ ஜெர்சி வாடகையையும் குளிரையும் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வாடகையை இணையத்தில் பாருங்கள்.

நிலத்தை விற்காதீர்கள். அந்தப் 'பேப்பர்' கதைக்கு ஒரு வேர் உண்டு. 1986-இல் அன்றைய அமெரிக்க அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால், அனுமதியின்றித் தங்கியிருந்த சுமார் 27 லட்சம் பேருக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது. அதைச் சொல்லித்தான் இன்றும் வியாபாரம் நடக்கிறது. அதன்பின் அவ்வளவு பெரிய சட்டம் வரவேயில்லை. 2013-இல் எல்லைக் காவலையும் குடியுரிமைக்கான வழியையும் சேர்த்து ஒரு மசோதா மேலவையான செனட்டில் 68-க்கு 32 என்று நிறைவேறியது. கீழவையான பிரதிநிதிகள் சபை அதைத் தொடவே இல்லை. 2024-இல் இரு கட்சி உறுப்பினர்களும் கூடி எழுதிய எல்லை மசோதா செனட்டிலேயே விழுந்தது. தேர்தல் வந்தால் ஒருவர் சுவர் என்பார், மற்றவர் மனிதநேயம் என்பார். எத்தனை பேரை வரவிடுவது, வந்துவிட்டவர்களை என்ன செய்வது என்று நிதானமாகப் பேசி முடிக்க ஆளில்லை. அவர்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் ஏஜென்ட்டுக்கு அறுவடை.

எல்லையே கூடாது என்பவன் அல்ல நான். ஆனால் இங்கே அமெரிக்காவில் ஒரு வகைத் தமிழர் உண்டு. கிரீன் கார்டு வரும்வரை வரிசை நகரவில்லை என்று புலம்புவார். வந்த மறுநாளே கதவைச் சாத்தச் சொல்வார். பொங்கல் விழாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் சர்க்கரைப் பொங்கலும் கசக்கும்.

2025 பிப்ரவரியில், அமெரிக்கா நாடுகடத்திய 104 இந்தியர்களை ராணுவ விமானத்தில் விலங்கிட்டு அமிர்தசரஸில் இறக்கினார்கள். 2022 ஜனவரியில், கனடாவிலிருந்து எல்லையைக் கடக்க நடந்த குஜராத்திக் குடும்பம் ஒன்றில் நால்வரும் உறைந்து இறந்தார்கள். கடைக்குட்டிக்கு மூன்று வயது. குளிரைப் பற்றிக் கேட்டீர்களே.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப நம் வெளியுறவு அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். உரிமத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், அவர் முகம் மாறும்.

நான் குடியாத்தத்துக்காரன். 1999-இல் முறையான விசாவில் வந்தவன். அப்படியும் கூட்டிவந்த நிறுவனம் மூன்று மாதம் சம்பளம் தரவில்லை. நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் இரண்டு அறையில் ஆறு பேர். விசா போய்விடுமோ என்ற பயத்தில், போலீஸ் கார் தெரிந்தால் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுவேன். கையில் காகிதம் இருந்த எனக்கே அந்த நடுக்கம். பல்லைக் கடித்து நின்றேன். கார் ஓட்டவும் பனி வாரவும் கற்றேன்.

எங்களோடு ஆம்பூர் அண்ணன் ஒருவர் இருந்தார். சீரகச் சம்பா கிடைக்காமல் பாஸ்மதியில் பிரியாணி செய்துவிட்டு, இதைப் போய்ப் பிரியாணி என்பதா என்று அவரே திட்டுவார். விசா முடிந்தும் அவர் தங்கிவிட்டார். ஓராண்டுக்கு மேல் அப்படித் தங்கியவர் நாட்டைவிட்டுப் போனால் பத்தாண்டு திரும்ப முடியாது. தங்கை கல்யாணத்தன்று தொலைபேசி அட்டை வாங்கிவந்து, ஸ்பீக்கரில் போட்டு, மண்டபத்துச் சமையல்கட்டில் போனை வைக்கச் சொன்னார். அட்டையில் காசு தீரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தியில் யாரோ இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய் கேட்டது எங்கள் ஆறு பேருக்கும் கேட்டது.