கைவேலை வழியே குழந்தைக்கு மொழி: கேட்டீர்கள், சொல்கிறேன்

கேள்வி: மகளுக்கு மூன்று வயது. பட அட்டையைக் காட்டினால் எல்லாவற்றுக்கும் பெயர் சொல்கிறாள், வாக்கியமாகப் பேச்சு வரவில்லை. கைவேலை உதவுமா?

உதவும். பட அட்டையில் இருப்பது பெரும்பாலும் பெயர்ச்சொல், ஆனால் வாக்கியத்தைத் தூக்கி நிறுத்துவது வினை. ஒரு பழைய காகிதத்தைக் கொடுத்துப் பாருங்கள், கிழி, மடி, கசக்கு, நீவு, ஒட்டு என்று பத்து நிமிடத்தில் எத்தனை வினைகள், அதுவும் கை செய்துகொண்டிருக்கும்போதே காதில் விழுகின்றன! காகிதம் தானாகக் கிழிந்தால் 'கிழிந்தது', அவளே கிழித்தால் 'கிழித்தாய்'. இந்த வித்தியாசத்தை அட்டையில் எப்படிக் காட்டுவீர்கள்? ஒன்று மட்டும்: இரண்டு சொல்லைக்கூடச் சேர்த்துப் பேசவில்லை என்றால் இதை நம்பிக் காத்திருக்காதீர்கள். பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள், காதையும் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: செய்யும்போது 'இது என்ன நிறம், என்ன வடிவம்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மகன் வாயே திறப்பதில்லை.

பரீட்சை வைத்தால் யார்தான் பேசுவார்கள்? உங்கள் கை செய்வதை நீங்களே சொல்லுங்கள். "ஐயோ, பசை அதிகமாகிவிட்டது, வழிகிறது." அப்புறம் சும்மா இருங்கள், மனதுக்குள் பத்து எண்ணும் வரை. இதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம்.

கேள்வி: களிமண்ணில் எழுத்து செய்தால் ல, ள, ழ சரியாக வருமா?

வடிவம் மனதில் பதியும், உச்சரிப்பு வராது. அதற்கு நாக்குதான் பழக வேண்டும், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பழக முடியும். எழுத்துக்கு வந்தால், ட, ப, ம போன்ற எளிய எழுத்துகளில் தொடங்குங்கள். எனக்குப் பிடித்தது, களிமண்ணில் ஒரே ஒரு துணைக்கால் (ா) செய்து வைத்துக்கொள்வது. ம பக்கத்தில் வைத்தால் மா, ப பக்கத்தில் வைத்தால் பா. இப்படியே 18 உயிர்மெய் வரிசைக்கும் நகர்த்தலாம். (1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னா மூன்றுக்கும் தனி வடிவம், நல்லவேளை இப்போது இல்லை.) 247 எழுத்து என்ற பயம் அங்கேயே பாதி போய்விடும்.

கேள்வி: மணி கோர்க்கலாமா?

மூன்று வயதுக்குள் வேண்டாம், விழுங்கிவிடுவார்கள்.

கேள்வி: செய்து முடித்ததை என்ன செய்வது?

செய்யும்போது பக்கத்தில் இல்லாத ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதால் குழந்தைதான் முதலில் இதைச் செய்தேன், அப்புறம் அது, கடைசியில் இது என்று வரிசையாகச் சொல்லியாக வேண்டும். நீங்கள் நடுவில் புகுந்து எடுத்துக்கொடுக்காதீர்கள்.