பதினான்காம் லூயியும் விற்பனைக்கு வந்த பதவிகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சுப் புரட்சி பற்றிய உங்கள் கட்டுரையில் வரம்பற்ற முடியாட்சியை ஒரே பத்தியில் கடந்து சென்றுவிட்டீர்கள். பதினான்காம் லூயி பிரபுக்களை வெர்சாய் அரண்மனைக்கு இழுத்து வந்து, அவர்களுடைய பல்லைப் பிடுங்கி, நாட்டை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்தார் என்றே நான் படித்திருக்கிறேன். ஆளுக்கொரு பிரபுவிடம் மிதிபடுவதைவிட ஓர் அரசனுக்கு மட்டும் அடங்கி நடப்பது குடியானவனுக்கு நல்லதுதானே?

மதுரையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்ததில் பாதி உண்மை. உயர் நீதிமன்றங்களும் பிரபுக்களும் அரசுக்கு எதிராகக் கிளர்ந்த ஃப்ரோந்த் கலகத்தின்போது, 1649 ஜனவரியில், பாரிஸை விட்டு இரவோடிரவாக வெளியேற நேர்ந்த சிறுவன் லூயி, அதுவரை ஆட்சியை நடத்திவந்த அமைச்சர் மசாரின் 1661இல் இறந்ததும் தலைமை அமைச்சர் என்று எவரையும் வைத்துக்கொள்ளாமல் தாமே ஆளத் தொடங்கினார். ‘பார்லமான்’ எனப்பட்ட உயர் நீதிமன்றங்கள் அரச ஆணையைப் பதிவு செய்த பிறகே ஆட்சேபம் சொல்லலாம் என்று 1673இல் அவற்றின் வாயை அடைத்தார். புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நான்ட் ஆணையை 1685இல் ரத்து செய்து, ஏறத்தாழ 2 லட்சம் புராட்டஸ்டண்டுகள் நாட்டை விட்டே ஓடும் நிலையை உண்டாக்கியபோது அவரைத் தடுக்க எந்த அவைக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

ஆனால் போருக்குப் பணம் வேண்டும். பிரபுக்களும் திருச்சபையாரும் முதன்மையான நேரடி வரியிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். அந்த விலக்கில் கைவைத்தால் மறுபடியும் கலகம் வரும். எனவே அரசு தன் அதிகாரத்தையே துண்டு போட்டு விற்றது. நீதிபதிப் பதவி, வரி அலுவலர் பதவி, நகராட்சிப் பதவி என ஒவ்வொன்றுக்கும் விலை இருந்தது. சாவு அறிவிக்கும் பணியைக்கூட 1690இல் விற்பனைக்குரிய பதவியாக்கினார்கள். 1604இல் வந்த ‘போலெத்’ என்ற ஏற்பாட்டின்படி, பதவியின் மதிப்பில் அறுபதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் கட்டிவந்தால் அதை மகனுக்கே விட்டுச் செல்லலாம். பணத்தைக் கொடுத்து வாங்கிய நீதிபதியை, அந்தப் பணத்தைத் திருப்பித் தராமல் அரசனால் எளிதில் வீட்டுக்கு அனுப்ப முடியாது. இதைப் பிரபுக்களின் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரு தரப்புக்கும் கட்டுப்படியான பேரம் என்பேன்.

பேரத்தின் விலையைக் கொடுத்தது யார் என்பதற்கு உப்பு வரியான ‘கபெல்’ ஒன்றே போதும். பாரிஸைச் சூழ்ந்த வட மாகாணங்களில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவர் கணக்கிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோ உப்பை, அரசுக் கிடங்கில், அரசு சொன்ன விலைக்கு வாங்கியே ஆகவேண்டும். அந்த உப்பும் சட்டிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் மட்டுமே. பன்றியை அறுத்துக் குளிர்காலத்துக்கு உப்புக்கண்டம் போடுகிறவள் அதற்கெனத் தனியாக உப்பு வாங்கவேண்டும். மீதமிருந்த சமையல் உப்பைத் தொட்டால் அது குற்றம். பக்கத்திலேயே இருந்த பிரித்தானி மாகாணத்துக்கோ இந்த வரி இல்லை. அங்கே உப்பு பல மடங்கு மலிவு. ஆகவே எல்லை நெடுகக் கடத்தலும், அதைப் பிடிக்க ஆயுதம் தாங்கிய காவலும், பிடிபட்ட ஆண்களுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனையும் அன்றாடமாயின. உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு ‘வரியில்லா உப்பு’ என்ற சலுகை இருந்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நீங்கள் சொல்லும் குடியானவன் பிரபுவுக்குச் செலுத்தவேண்டியதைச் செலுத்திக்கொண்டேதான் அரசனுக்கும் கட்டினான்.

சமூகத்தின் நடுத்தட்டில் நேர்ந்தது வேறு வகை. வணிகத்தில் பொருள் சேர்த்தவன் அதை மீண்டும் வணிகத்தில் போடாமல் மகனுக்கு ஒரு பதவி வாங்கினான். உயர்ந்த பதவிகளோடு பிரபுப் பட்டமும் வரி விலக்கும் வந்தன. 1664இல் லூயியின் அமைச்சர் கோல்பேர் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியபோது (நம் புதுச்சேரிக்கு 1674இல் வந்து சேர்ந்த அதே கம்பெனிதான்) 1.5 கோடி லிவ்ர் (அக்காலப் பிரெஞ்சுப் பணம்) மூலதனம் திரட்டுவது திட்டம். அரசரே 30 லட்சம் போட்டார். நகரங்களையும் அலுவலர்களையும் நெருக்கினார். அப்படியும் குறித்த தொகை சேரவில்லை. ஐரோப்பாவே அஞ்சிய அரசரால் தம் குடிகளைப் பங்கு வாங்கவைக்க முடியவில்லை என்பது எனக்கு வெர்சாயின் கண்ணாடிக் கூடத்தைவிடச் சுவையான செய்தி.

இந்தக் கட்டை அவிழ்க்க அரசர்களே முயன்றார்கள். லூயி 1695இலேயே பிரபுக்கள் மீதும் ஒரு தலைவரி விதித்தார்; அதிலும் அவர்கள் சலுகை தேடிக்கொண்டார்கள். 1771இல் பதினைந்தாம் லூயியின் அமைச்சர் மோப்பு, பாரிஸ் பார்லமான் நீதிபதிகளை நீக்கி, சம்பளம் பெறும் நீதிபதிகளை அமர்த்தினார். மூன்றே ஆண்டுகளில் பட்டத்துக்கு வந்த பதினாறாம் லூயி பழையவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார். 1789 ஆகஸ்ட்டில் நீதிப் பதவி விற்பனையை ஒழித்தது புரட்சியில் பிறந்த தேசிய அவை. அதுவும்கூடப் பதவியை இழந்தவர்களுக்கு இழப்பீடு கணக்கிட்டுத் தரவேண்டியிருந்தது.