தண்டையார்பேட்டை வீட்டுப் பத்திரமும் எண்பதாயிரம் ரூபாய்க் கடனும்

தம்பி, சிங்கப்பூருக்கு வந்த மூன்றாம் மாதத்திலேயே ஏஜென்ட் பாக்கிக்கு 80,000 ரூபாய் தேவைப்படுவதாகவும், ஊரில் வட்டிக்கு விடுபவர் ஒருவர் ‘பதிவெல்லாம் வேண்டாம், தண்டையார்பேட்டை வீட்டுப் பத்திரத்தை அம்மா சும்மா கொடுத்து வைக்கட்டும்’ என்று சொல்வதாகவும் எழுதி, கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டாம்.

ஆபத்து அந்தச் ‘சும்மா’வில்தான் இருக்கிறது. 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கடனுக்கான அடமானத்துக்குப் பொதுவாக எழுத்துப் பத்திரமும் பதிவும் தேவை என்றாலும், 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆவது பிரிவு, தண்டையார்பேட்டை அடங்கிய சென்னை உள்ளிட்ட நகரங்களில், கடனுக்கு ஈடு என்ற எண்ணத்தோடு மூலப்பத்திரத்தை ஒப்படைப்பதையே அடமானமாக ஏற்கிறது. கையெழுத்தே போடாமல் அம்மா வீட்டை அடகு வைத்தவராகிவிடுவார்.

பழைய வண்ணாரப்பேட்டையில் என் அப்பா அப்படித்தான் கொடுத்தார். மஞ்சள் பையிலிருந்து எடுத்து, மடிப்பில் கிழிந்து ஒட்டுப்போட்ட அந்தப் பத்திரத்தை அவர் நீட்டியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. கடனை அடைத்த பிறகும் அது திரும்பி வர இரண்டு ஆண்டுகள் ஆயின.

சட்டம் சில வரம்புகளை வைத்திருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் நுண்கடனுக்கு எந்த ஈடும் கேட்கக் கூடாது என்பது 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் மணமாகாத பிள்ளையின் சம்பளமும் குடும்ப வருமானத்தில் சேரும் என்பதால், உங்களுக்கு அது பொருந்துமா என்று முதலில் பாருங்கள். வங்கிகள் கடனை வசூலிப்பதற்கான சர்ஃபேசி சட்டத்தின்படி நீதிமன்றம் போகாமலே சொத்தை எடுத்து விற்கும் அதிகாரம், 1 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கிக்கே இல்லை. தனியாருக்கு அந்த அதிகாரம் அறவே கிடையாது. அவர் வழக்குப் போட்டுத்தான் வர முடியும், பணத்தைக் கட்டி மீட்கும் உரிமையும் நீதிமன்றம் வழி விற்பனை முடியும்வரை அம்மாவுக்கு உண்டு. இருந்தாலும் பத்திரம் அவர் பெட்டியில் கிடக்கும்போது, அந்த உரிமையை நிலைநாட்ட அலைய வேண்டியவர் அம்மாதான்.

இங்கே சிங்கப்பூரில் உரிமம் பெற்ற கடன் நிறுவனம் மாதம் 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது, உங்கள் பாஸ்போர்ட்டையோ வேலை அனுமதி அட்டையையோ பிடித்து வைக்கவும் கூடாது. அந்த வட்டியும் கடுமையானதே. ஆகவே முதலில் முதலாளியிடம் சம்பள முன்பணம் கேளுங்கள்.

அம்மா ஏற்கெனவே பத்திரத்தைக் கொடுத்திருந்தால், என்ன தேதியில், எவ்வளவு தொகைக்கு, எந்தப் பத்திர எண் என்று எழுதி, கடன் கொடுத்தவரின் கையெழுத்தோடு ஒரு ரசீது வாங்கச் சொல்லுங்கள்.